காலியாக மறுத்த தொட்டி

அந்த வீட்டில் யாரும் சூடாகத் தேநீர் குடித்ததாக வரலாறு இல்லை. தேநீர் போடத் தெரியாமல் அல்ல. கோப்பை மேசைக்கு வந்ததும் டீச்சர் அதில் ஒரு வெப்பமானியைச் செருகிவிடுவாள். இன்னொரு கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும். அவள் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், பொறுமைசாலி. எதிரில் உட்கார்ந்து தன் தேநீர் ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இப்ப குடிக்கலாமா?"

"இன்னும் ஒரே ஒரு ரீடிங்."

"அந்த ஒரே ஒரு ரீடிங்கை எனக்கு நல்லாத் தெரியும். அதுக்குத் தம்பி தங்கச்சி நிறைய உண்டு."

பிள்ளைகள் வளரும் உயரத்தைக் கதவில் கோடு போட்டுக் குறித்துவைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இந்த வீட்டில் அதோடு விட்டார்களா? அந்தக் கோடுகளை வைத்து வரைபடம் போட்டு, எந்த வயதில் மகள் மிக வேகமாக வளர்ந்தாள் என்று கண்டுபிடித்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். மகள் இப்போது சட்டம் படிக்கிறாள். தோழிகள் வந்தால் முதல் வேலையாக அந்தப் படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள்.

டீச்சர் வேலை பார்த்தது ஒரு மாலைநேரத் தொழில்நுட்பக் கல்லூரியில். பகலெல்லாம் எங்கெங்கோ உழைத்துவிட்டு, பட்டயம் வாங்கினால் பதவி உயரும் என்ற நம்பிக்கையில் வந்து உட்காருகிறவர்களுக்கு நுண்கணிதம் சொல்லிக்கொடுப்பது அவள் பிழைப்பு. அவளுக்கு அங்கே ‘ஸ்டாப்வாட்ச் டீச்சர்’ என்று பெயர். அது அவள் காதுக்கு எட்டியபோது கோபப்படவில்லை. கணக்கு வாத்தியார்களுக்கு மாணவர்கள் வைக்கும் பெயர்களில் இது தேவலை என்பது அவளுக்குத் தெரியும்.

எடுத்த எடுப்பிலேயே அவள் இப்படி இருந்துவிடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதிலும், அதற்குப் பிறகு பல வருடங்களும், எல்லாரையும்போல அவளும் பலகைக்கு முகத்தையும் வகுப்புக்கு முதுகையும் காட்டித்தான் பாடம் நடத்தினாள். சூத்திரம், எடுத்துக்காட்டு, பயிற்சி, மறுபடி சூத்திரம். தேர்ச்சி விகிதம் நன்றாகவே இருந்தது. கல்லூரி அவளைப் பாராட்டி ஒரு சுவர்க் கடிகாரம்கூடக் கொடுத்தது.

ஒருநாள் வாய்க்கொழுப்பில் வகுப்பைப் பார்த்து, "வகைக்கெழுன்னா என்ன? சூத்திரம் வேண்டாம், உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டுத் தொலைத்தாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் டாக்சி ஓட்டுகிற மாணவர் ஒருவர் எழுந்து, "மேல குட்டியா ஒரு நம்பர் இருக்கும் டீச்சர். அதை இறக்கி முன்னால வெச்சிட்டு, மேல ஒண்ணு குறைச்சிடணும். அதான்" என்றார். விடை தெரிந்த சந்தோஷம் அவர் முகத்தில் அப்படியே வழிந்தது.

நாள் முழுக்க வேகமானியைப் பார்த்தபடி ஓட்டுகிற மனிதர். வேகம் என்றால் என்ன என்று கேட்டால் அவருக்குத் தெரியும். வகைக்கெழு என்றால் என்ன என்று கேட்டால் நம்பரை இறக்குகிறார். இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய ஆள் பலகை ஓரம் சாக்பீஸுடன் நின்றுகொண்டிருந்தாள். டீச்சருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தேர்ச்சி விகிதமாம், சுவர்க் கடிகாரமாம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் வெப்பமானி வந்தது, ஸ்டாப்வாட்ச் வந்தது. முதலில் அளந்து வாருங்கள், பிறகு அந்த எண்களுக்கு ஏற்ற சமன்பாட்டைத் தேடலாம் என்றாள். வகுப்பில் ஒரு செவிலி இருந்தாள். காய்ச்சல் இறங்கும் வேகத்தை அவள் எடுத்து வந்தாள். லிப்ட் மெக்கானிக் ஒருவன் இருந்தான். வகுப்பையே லிப்டில் ஏற்றி, ஒவ்வொரு மாடியையும் கடக்கும் நேரத்தைக் குறிக்கவைத்தான். எப்போது வயிற்றைப் பிரட்டுகிறதோ அப்போதுதான் வேகம் மாறுகிறது என்று அன்றைக்கு எல்லாருக்கும் உடம்பிலேயே பாடம் ஏறியது. கொஞ்சம் குண்டான, எதற்கும் சிரிக்கிற ரொட்டிக்கடைக்காரர் ஒருவரும் உண்டு. மாவு உப்பும் வேகத்தை அளக்கிறேன் என்று உட்கார்ந்தவர் அளப்பதில் மூழ்கி, அடுப்பை மறந்து, மாவு பாத்திரத்தைத் தாண்டி மேசையில் வழிந்த படத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து காட்டினார்.

அதே ரொட்டிக்கடைக்காரர் இன்னொரு முறை, தேநீர் ஆறும் கணக்கை வீட்டில் அளந்ததாகச் சொல்லி நீட்டினார். டீச்சர் பார்த்த உடனே சிரித்துவிட்டாள்.

"அண்ணா, இதை எந்த டீயில அளந்தீங்க?"

"எங்க வீட்டு டீதான் டீச்சர். ஏன்?"

"எந்த வீட்டு டீயும் இவ்வளவு ஒழுக்கமா ஆறாது. ஜன்னல் திறந்திருக்கும், காத்து வரும், நீங்க பார்க்கும்போது கண்ணு ஒரு கோடு தப்பும். இதுல ஒரு புள்ளிகூட நகரலை. சமன்பாட்டைப் போட்டு எண்ணை எடுத்திருக்கீங்க."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். அளந்தது அசிங்கமாக இருந்தாலும் அளந்ததுதான், அதில் கைவைக்கக் கூடாது என்பது அன்று முதல் அந்த வகுப்பின் சட்டமாயிற்று.

அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று. ஒருநாள் துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். துறைத்தலைவர் கெட்டவர் இல்லை. மெலிந்த மனிதர், பலகையில் அவர் எழுதினால் அச்சடித்ததுபோல் இருக்கும், அழிக்க மனம் வராது. கணக்கு என்பது மனசுக்குள் நடக்க வேண்டிய காரியம், அதில் தேநீர் சிந்தக் கூடாது என்பது அவர் கொள்கை.

"டீச்சர், உங்க வகுப்புல சிரிப்புச் சத்தம் ஜாஸ்தின்னு பக்கத்து வகுப்புல சொல்றாங்க."

"சிரிச்சா தப்பா சார்?"

"தப்பில்ல. கால்குலஸ் வகுப்புல சிரிச்சா சந்தேகம் வருது." அவர் மேசைமேல் இருந்த பாடத்திட்டத்தைத் திருப்பிக் காட்டினார். "பாதிதான் முடிச்சிருக்கீங்க. அடுத்த பருவத்துலேர்ந்து எல்லா வகுப்புக்கும் ஒரே புத்தகம், ஒரே பயிற்சின்னு முடிவு பண்ணியிருக்கேன். உங்களுக்கும் சேர்த்துத்தான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். டீச்சருக்கு வாய் நிற்கவில்லை.

"சார், ஒரே ஒரு தடவை வந்து பாருங்க. வர்ற லீவு நாள்ல மொட்டைமாடித் தொட்டியைக் கழுவறதுக்காகத் தண்ணியைத் திறந்து விடறாங்க. எங்க வகுப்பு கொஞ்ச நேரம் அளந்து பார்த்துட்டு, தொட்டி எப்ப காலியாகும்னு முன்கூட்டியே சொல்லும். சொன்ன நேரத்துக்குக் காலியாகலைன்னா, மறு பேச்சு இல்லாம நானே புத்தகத்தை எடுத்துக்கறேன்."

துறைத்தலைவர் பாடத்திட்டத்தை மூடி வைத்தார். "சரி, வரேன்" என்றார்.

வெளியே வந்த பிறகுதான் எதைப் பந்தயம் வைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் கணக்கில் அவளுக்குப் பயமில்லை. தொட்டி காலியாவது பார்வைக்கு எளிது. உள்ளே விஷயம் இருக்கிறது. முதலில் தண்ணீர் சீறிக்கொண்டு போகும். மட்டம் இறங்க இறங்க அழுத்தம் குறையும், போகிற வேகமும் குறையும். ஆரம்ப வேகத்தை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டால், உண்மையில் ஆகும் நேரத்தில் பாதிதான் விடையாக வரும். இதைக் கீழே ஆய்வகத்தில் ஒரு பிளாஸ்டிக் பீப்பாயை வைத்து ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார்கள். ஆரம்ப வேகத்தை நம்பிப் பந்தயம் கட்டிய ரொட்டிக்கடைக்காரர் தோற்று, தரையைத் துடைத்தார்.

டீச்சர் கட்டடப் பொறுப்பாளரைப் பிடித்துத் துருவித் துருவிக் கேட்டாள். தொட்டியின் நீளம் என்ன, அகலம் என்ன, அடியில் உள்ள குழாயின் விட்டம் என்ன, தண்ணீர் எங்கே போய் விழும். அந்த மனிதர் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இத்தனை கேள்வி கேட்டதில்லை என்றார்.

லீவுக்கு முந்தைய நாள் வீட்டில் அவள் தேநீரை அளக்கவில்லை. கணவர் சூடாகக் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"பழக்கமில்லாம போச்சு" என்று அவர் நாக்கை ஊதிக்கொள்ள, மகள் அம்மாவின் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, தோத்தாதான் என்ன? வேலை போகாதில்ல?"

"வேலை போகாதுடி. புத்தகம், பலகை, அதே வகுப்பு எல்லாம் இருக்கும். நான் கேள்வி கேட்டா யாருமே வாயைத் திறக்காம உக்காந்திருப்பாங்களே, அந்த அமைதிக்குத் திரும்பிப் போக என்னால முடியாது. இப்பத்தான் இவங்க எங்கிட்ட சண்டை போட ஆரம்பிச்சிருக்காங்க."

"தண்ணி பொய் சொல்லாது. தூங்கு" என்றார் கணவர்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் மொட்டைமாடியில் எல்லாரும் கூடிவிட்டார்கள். கண்ணாடிபோன்ற ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தொட்டியின் அடியில் இணைத்து, பக்கச் சுவரில் செங்குத்தாக ஒட்டி, பக்கத்தில் அளவுகோலும் ஒட்டியிருந்தார்கள். தொட்டிக்குள் எவ்வளவு தண்ணீரோ அவ்வளவு உயரம் அந்தக் குழாயிலும் தெரியும். லிப்ட் மெக்கானிக் நேரம் சொல்ல, செவிலி மட்டத்தைப் படிக்க, ரொட்டிக்கடைக்காரர் பெரிய அட்டையில் புள்ளி வைக்க என்று வேலை பிரித்துக்கொண்டார்கள். துறைத்தலைவர் குடையுடன் வந்து நிழலாகப் பார்த்து நின்றார். தொட்டி கழுவ வந்த ஆள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, இதென்ன கூத்து என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடிக்குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் இரைந்துகொண்டு வடிகாலில் விழுந்தது. சிறிது நேரம் அளந்தார்கள். மட்டத்தின் வர்க்கமூலத்தை எடுத்து வைத்தால் புள்ளிகள் நேர்க்கோட்டில் உட்கார வேண்டும், உட்கார்ந்தன. கோட்டை நீட்டி, காலியாகும் நேரத்தைச் செவிலி அட்டையில் பெரிதாக எழுதினாள். துறைத்தலைவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

அடுத்தடுத்த புள்ளிகளும் கோட்டின் மேலேயே வந்து விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கைதட்டல். டீச்சர் துறைத்தலைவர் பக்கம் திரும்பாமல், திரும்பாதது தெரியும்படி நின்றாள். அந்த அளவுக்குப் பெருமை.

தொட்டி பாதியளவு இறங்கியிருக்கும். செவிலி பிளாஸ்டிக் குழாயில் கண்ணை வைத்தபடியே, "டீச்சர், இது இறங்க மாட்டேங்குது" என்றாள்.

"சரியாப் பாருங்க."

"சரியாத்தான் பாக்கறேன். இறங்குது, ஆனா நோயாளி நடக்கற மாதிரி இறங்குது."

புள்ளி கோட்டை விட்டு மேலே போயிற்று. அடுத்தது இன்னும் மேலே. அடிக்குழாய் அடைத்துக்கொண்டதோ என்று மெக்கானிக் ஓடிப் பார்த்தான். தண்ணீர் முன்போலவே கொட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவன் சுவரில் காதை வைத்து, பிறகு மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தான்.

"டீச்சர், உள்ள தண்ணி விழுது."

வெளியே கொட்டுகிற இரைச்சலில் உள்ளே விழுகிற சத்தம் யார் காதிலும் விழவில்லை. மட்டம் பாதிக்கு இறங்கினால் அடித்தளத்தில் இருக்கும் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துத் தொட்டியை நிரப்பும். கட்டடத்தில் இருக்கிற அத்தனை பேரும் தினமும் அந்தத் தண்ணீரில்தான் கை கழுவுகிறார்கள். ஒருவருக்கும் மோட்டார் ஞாபகம் வரவில்லை. தேநீர்க் குவளையோடு படியேறி வந்த கட்டடப் பொறுப்பாளரை டீச்சர் பிடித்துக்கொண்டாள்.

"மோட்டாரை நிறுத்தியிருக்கணும்னு சொல்லக் கூடாதா?"

"நீங்க நீளம் கேட்டீங்க, அகலம் கேட்டீங்க, விட்டம் கேட்டீங்க. மோட்டாரை எங்க கேட்டீங்க?" என்றவர், உடனே தலையைச் சொறிந்தார். "எனக்கும் மறந்துதான் போச்சு டீச்சர்."

ஊருக்குத்தான் உபதேசம். எது வெளியே போகிறது, எது உள்ளே வருகிறது, இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் சமன்பாடு எழுத வேண்டும் என்று வருடா வருடம் தொண்டை வறள வறளச் சொல்கிறவள் அவள். போவதை மட்டும் பார்த்தாள், வருவதைக் கேட்கவில்லை. அவளுக்குக் காதெல்லாம் சூடாயிற்று. அழுகை வந்துவிடுமோ என்றுகூட இருந்தது.

ரொட்டிக்கடைக்காரர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "மோட்டாரை நிறுத்திட்டா மறுபடி இறங்கிடும் டீச்சர். நடுவுல இந்த நாலு புள்ளியை வைக்காம விட்டுடலாம். சாருக்கு இதெல்லாம் தெரியவா போகுது?"

அந்த நல்ல மனிதர் அவளுக்காகத்தான் சொன்னார். டீச்சர் ஒரு நொடி தடுமாறியது உண்மை. பிறகு, "வைங்க அண்ணா. அளந்ததை அப்படியே வைங்க" என்றாள். நேரே துறைத்தலைவரிடம் போனாள்.

"சார், நாங்க சொன்னது தப்பு. உள்ள மோட்டார் ஓடுது, நான் கவனிக்கலை. இந்தத் தொட்டி சொன்ன நேரத்துக்குக் காலியாகாது. அதுக்கப்புறமும் ஆகாது. அடுத்த பருவம் நான் புத்தகத்தையே எடுத்துக்கறேன்."

துறைத்தலைவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அட்டையைச் சுற்றிச் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"ஆகாதுன்னா, எங்கயாவது நிக்கணுமில்ல?" என்றாள் செவிலி. "எங்க நிக்கும்?"

"போறதும் வர்றதும் சமமாகற இடத்துல நிக்கும்" என்றான் மெக்கானிக்.

"அது எந்த இடம்னு எப்படித் தெரியும்? மோட்டார் எவ்வளவு இறைக்குதுன்னே நமக்குத் தெரியாதே."

ரொட்டிக்கடைக்காரர் பேனாவோடு அட்டையை முறைத்துக்கொண்டிருந்தார். கோடு முறிந்த இடத்தில் விரலை வைத்தார். "இங்க பாருங்க. அதே மட்டம்தான். மோட்டார் ஓடறதுக்குக் கொஞ்சம் முன்னால இவ்வளவு வேகமா இறங்குச்சு. ஓடினதுக்கப்புறம் இவ்வளவுதான் இறங்குது. நடுவுல காணாமப் போன வேகம் இருக்கே, அதுதானே மோட்டார் கொண்டுவர்றது?"

"ரெண்டு சாய்வையும் கழிச்சா போதும்" என்று செவிலி காகிதத்தைப் பிடுங்கினாள்.

தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டு நிற்கிற ஆளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்காதது டீச்சருக்கு விசித்திரமாக இருந்தது. பார்த்தால், குடை ஒன்று தரையில் கிடந்தது. துறைத்தலைவர் கூட்டத்துக்குள் தலையை நுழைத்திருந்தார்.

"கழிச்சா மட்டும் பத்தாதும்மா. வர்க்கமூலத்துக்கு முன்னால இருக்கற மாறிலியை உங்க முதல் கோட்டுலேர்ந்து எடுங்க. எடுத்துட்டு, இறங்கற வேகம் பூஜ்யம்னு போடுங்க" என்றார்.

போட்டார்கள். தொட்டியின் கால்பங்குக்குச் சற்று மேலே ஓர் இடம் விடையாக வந்தது. மெக்கானிக் அந்த இடத்தில் பிளாஸ்டிக் குழாயின்மேல் சிவப்பு நாடா ஒட்டினான். எல்லாரும் வெயிலில் நின்று பார்த்தார்கள். தொட்டி கழுவ வந்த ஆள், "நான் எப்பங்க கழுவறது?" என்று கேட்டார். யாரோ அவருக்குத் தேநீர் வாங்கிவந்து கொடுத்தார்கள்.

தண்ணீர் இறங்கிற்று, மெல்ல இறங்கிற்று, இறங்குகிறதா என்று சந்தேகப்படும்படி இறங்கிற்று. பிறகு நாடாவுக்கு ஒரு விரற்கடை மேலே, அசையாமல் நின்றது. அடியில் கொட்டிக்கொண்டே இருந்தது, மேலே விழுந்துகொண்டே இருந்தது, நடுவில் மட்டம் மட்டும் நின்றது.

"ஒரு விரல் தப்பிடுச்சே" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"தப்பில்லய்யா" என்றார் துறைத்தலைவர். அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. "அந்த நாடாவைத் தண்ணி தொடவே தொடாது. கிட்டக் கிட்டப் போய்க்கிட்டே இருக்கும். கணக்கே அப்படித்தான் சொல்லுது." அவர் குனிந்து, அசையாத மட்டத்துக்கு நேராகக் குழாயின்மேல் விரலை வைத்தார். "இருபது வருஷமா இதைப் பலகையில எழுதறேன் டீச்சர். மாறாத் தீர்வுன்னு ஒரு வரி, ரெண்டு மார்க். நிக்கறதைக் கண்ணால பார்த்ததில்லை."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. டீச்சருக்கு இந்த அமைதி பயமாக இல்லை.

"ஆனாலும் சார், பேசினபடி நான் தோத்துட்டேன்" என்றாள்.

"தோத்தீங்க. அதுல சந்தேகமே இல்ல." அவர் நிமிர்ந்து, விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "அடுத்த பருவம் எந்தத் தேதியில தோக்கப் போறீங்கன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. என் வகுப்பையும் கூட்டிக்கிட்டு வரேன்."